கிரெட்டில்: நட்சத்திரத்துக்குக் கீழேயும் படிக்க வைக்கும் மென்பொருள்

ஊடகம் படிக்கிற தங்கச்சிமாரும் தம்பிமாரும் இறுதி வருட ஆய்வு தொடங்கியதும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, டேட்டா எடுத்தாச்சு. இனி எதில போட்டுப் பாக்கிறது?" நான் சொல்லும் பதில் கிரெட்டில் (gretl). வட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். எது நல்லது, எது போதாது, யாருக்கு இது சரிவரும் என்பதெல்லாம், திருகோணமலையில் இருந்துகொண்டு இதில் வேலை செய்த ஒருத்தியின் அனுபவத்திலிருந்து.

கிரெட்டில் பொருளியல் அளவையியலுக்கென்றே, அதாவது பொருளாதாரத் தரவைப் புள்ளிவிபர முறையில் ஆராய்வதற்கென்றே, எழுதப்பட்டது. பிற்செலவு (regression: ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது), காலத்தொடர் (மாதாமாதம், வருடாவருடம் என்று வரிசையாக எடுத்த எண்கள்), பனல் தரவு (பலரைப் பல காலத்தில் திரும்பத் திரும்ப அளந்தது), ஆம்-இல்லை என்று விடை வரும் கேள்விகளுக்கான லொஜிட், புரொபிட் எல்லாம் அதில் உண்டு. இலவசம்; மூலநிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்து அலின் கொட்ரலும், இத்தாலியின் அன்கோனா நகரில் கற்பிக்கும் ரிக்கார்டோ லுக்கெட்டியும் இதை வருடக் கணக்காக வளர்த்து வருகிறார்கள். அத்திவாரம் அதற்கும் முந்தியது. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ராமு ராமநாதன், தன் பாடநூலோடு சேர்த்துக் கொடுத்த நிரலிலிருந்துதான் இது வளர்ந்தது. மாணவருக்காகப் பிறந்த சாமான் என்பது இன்றும் அதன் ஒவ்வொரு திரையிலும் தெரிகிறது.

காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே வேலைக்கு விலைக்கு விற்கும் மென்பொருள்கள் உண்டு, நல்லவைதான். ஆனால் மஹபொல உதவித்தொகைக் காசில் வாங்கக்கூடியவை அல்ல. அதனால் பென்ட்ரைவில் கைமாறும் உடைத்த பிரதிகள் எல்லா ஊர்க் கம்பஸ்களிலும் உலாவுகின்றன. அதோடு வைரஸும் வரும், ஆய்வறிக்கையில் மென்பொருளின் பெயரை எழுதும்போது மனச்சாட்சியும் உறுத்தும். கிரெட்டிலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு நாடக எபிசோட் பார்க்கிற டேட்டா கூட அதை இறக்கத் தேவையில்லை. பழைய லெப்டொப்பிலும் சடக்கென்று திறக்கும். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமே வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. பற்றரியில் இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் வேலையை முடிக்க உதவுகிற மென்பொருளின் அருமை எங்களுக்குத் தெரியும்.

சரி, ஊடகம் படிக்கிறவர்களுக்கு இது எதற்கு? திருகோணமலையின் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் தொடர்பாடலும் வணிகக் கற்கைகளும் ஒரே பீடத்தின் பெயருக்குள் இருக்கின்றன. அந்தப் பெயர் மிகப் பொருத்தமானது என்று நான் மனதார நம்புகிறேன். டிஜிட்டல் ஊடகப் பண்பாடு என்று நாங்கள் பேசுவதில் பாதி, எண்ணாகவே பதிவாகிறது: எத்தனை பேர் தேடினார்கள், பார்த்தார்கள், பகிர்ந்தார்கள், எந்த மாதத்தில் என்று. அந்த எண்களை "அதிகரித்துள்ளது", "பெரும் தாக்கம் செலுத்துகிறது" என்று இரண்டு வசனத்தில் கடந்துபோகும் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

என் ஆய்வுக் கேள்வி எங்கள் ஊரிலிருந்தே வந்தது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறை வாடகைக்கு விடுகிறவர்களோடும், புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறவர்களோடும் பேசினால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "வீடியோ போட்டா ஆக்கள் வருவினம்." அது எவ்வளவு தூரம் உண்மை? இணையத்தில் ஊரின் பெயர் அடிபடுவதற்கும் பயணிகள் வருவதற்கும் தொடர்பு உண்டா, உண்டென்றால் எது முந்துகிறது? இதைப் பார்க்க இரண்டு காலத்தொடர்களை எடுத்தேன். ஒன்று, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை மாதாமாதம் வெளியிடும் வருகை எண்ணிக்கை. மற்றது, கூகிள் ட்ரெண்ட்ஸில் ஊரின் பெயருக்கான தேடல் சுட்டி. கூகிளின் பொருளியலாளர்களான ஹால் வேரியனும் ஹ்யுன்யங் சொயும் 2009 இலேயே தேடல் தரவை வைத்து நிகழ்காலத்தைக் கணிக்கலாம் என்று காட்டியவர்கள். பயணிகள் வருகையும் அவர்களுடைய உதாரணங்களில் ஒன்று. அதனால் வழி புதிதல்ல, ஊர்தான் புதிது.

இந்த இரண்டு தரவும் லேசுப்பட்டவை அல்ல. கூகிள் தருவது தேடல்களின் எண்ணிக்கை அன்று. நீங்கள் கேட்ட காலத்துக்குள் உச்சமாக இருந்த மாதத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஒப்பிட்ட சுட்டி. மாதிரியெடுத்துத் தருவதால் இன்று இறக்கியதும் அடுத்த கிழமை இறக்கியதும் கொஞ்சம் வேறுபடும். பல நாள் இறக்கி சராசரி எடுப்பது நல்லது. அதோடு எங்கள் ஆக்கள் ஊரின் பெயரைத் தமிழிலும் தேடுவார்கள், ஆங்கில எழுத்திலும் தேடுவார்கள், "ட்ரிங்கோ" என்று சுருக்கியும் தேடுவார்கள். சிங்களத்தில் தேடுகிறவர்களும் நிறையப் பேர். எந்தத் தேடல் யாருடையது என்பதே ஒரு பண்பாட்டுக் கேள்வி. மறுபக்கம், வருகை எண்ணிக்கை நாட்டுக்குள் நுழையும்போது எடுக்கப்படுவது. அந்தப் பயணி காலிக்குப் போனாரா, கோணேஸ்வரத்துக்கு வந்தாரா என்பது அதில் இல்லை. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வாகனத்தில் வந்து இறங்கும் உள்ளூர்ப் பயணி அதில் அறவே இல்லை. இதையெல்லாம் எந்த மென்பொருளும் சரிசெய்யாது. எழுதுகிறவர்தான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இனிக் கிரெட்டிலுக்கு வருவோம். எக்செல் கோப்பையோ சி.எஸ்.வி கோப்பையோ அப்படியே இழுத்துக்கொள்ளும். மாதத் தரவு, இந்த மாதத்தில் தொடங்குகிறது என்று சொன்னால் நாட்காட்டியை அதுவே போட்டுவிடும். கூகிளிலிருந்து வரும் கோப்பில் மட்டும் கவனம்: சில இடங்களில் "ஒன்றிலும் குறைவு" என்ற குறி எண்ணுக்குப் பதிலாக நிற்கும், அதை முதலில் எக்செல்லிலேயே திருத்திவிடுங்கள். அப்புறம் மாதிரிகள் (Model) என்ற பட்டியலைத் திறந்து, சாதாரண இழிவு வர்க்க முறையை (OLS, புள்ளிகளுக்கு மிகக் கிட்டப் போகும் கோட்டைத் தேடும் முறை) தெரிவு செய்து, சார்ந்த மாறி (விளக்கப்படுவது) எது, சாரா மாறிகள் (விளக்குபவை) எவை என்று காட்டினால் விடை ஒரு தனிச் சன்னலில் வந்து நிற்கும். குணகம், நியம வழு, டி விகிதம், பி பெறுமதி, ஓரத்தில் நட்சத்திரம். குணகம் என்பது ஒரு மாறியின் விளைவு எவ்வளவு என்ற எண்; நட்சத்திரம், அது பொருளுண்மை உள்ளதா, அதாவது வெறும் தற்செயல் அல்ல என்று கொள்ளலாமா என்பதற்கான குறி. ஒரு நட்சத்திரம் என்றால் 10 வீத மட்டத்தில் பொருளுண்மை, இரண்டு என்றால் 5 வீதம், மூன்று என்றால் 1 வீதம்.

இந்த நட்சத்திரங்களில்தான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அண்மையில் ஒரு தங்கச்சி லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, மூண்டு நட்சத்திரம் வந்திட்டுது, ஆர் வர்க்கமும் பெரிசு. முடிஞ்சுதுதானே?" என்றாள். "முடியேல்ல. கீழ்வரியைப் படி" என்றேன். ஆர் வர்க்கம் என்பது, சார்ந்த மாறியின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவை மாதிரி விளக்குகிறது என்ற அளவு. காலத்தொடர்த் தரவு என்றால் அந்தச் சன்னலின் அடியில் டர்பின்-வட்சன் என்று ஒரு பெறுமதியைக் கிரெட்டில் யாரும் கேட்காமலே அச்சிடும். அது 2 க்குக் கிட்ட இருந்தால் வழுக்கள் (மாதிரி சொல்வதற்கும் உண்மைத் தரவுக்கும் உள்ள வித்தியாசங்கள்) ஒன்றையொன்று தொடராமல் இருக்கின்றன என்று அறிகுறி. அவளுடையது ஆர் வர்க்கத்தைவிடச் சிறிதாக இருந்தது. பொருளியல் அளவையியலாளர்களான கிளைவ் கிரேஞ்சரும் போல் நியூபோல்டும் 1974 இல் எச்சரித்தது இதைத்தான்: தம்பாட்டில் ஏறி இறங்கும் இரண்டு தொடர்களை ஒன்றின்மேல் ஒன்று ஓட்டினால், அவற்றுக்குள் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும் அபாரமான விடை வரும். டர்பின்-வட்சனை விட ஆர் வர்க்கம் பெரிதாக இருந்தால் சந்தேகப்படு என்பது அவர்கள் தந்த அடையாளம்.

சொன்னால் நம்பமாட்டாள் என்று அங்கேயே செய்து காட்டினேன். கிரெட்டிலில் வெறும் தரவுத்தொகுதி ஒன்றைத் திறந்தோம், 200 அவதானங்கள். எழுந்தமான எண்களை ஒன்றன்மேல் ஒன்று கூட்டிக்கொண்டு போகும் தொடர் ஒன்று. அதேபோல் வேறு எண்களால் இன்னொன்று. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, நாங்களே உண்டாக்கியவை. பிற்செலவு ஓட்டினோம். மூன்று நட்சத்திரம். திரும்பப் புது எண்கள், திரும்ப ஓட்டினோம், திரும்பவும் நட்சத்திரம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஃபேஸ்புக் பாவிக்கிற ஆக்கள் கூடினதும் மற்றதும் சேர்ந்து கூடினது எண்டு எழுதியிருக்கிற எல்லாமே...?" என்றாள். எல்லாமே பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிக் கூடியது மட்டும் சாட்சி ஆகாது. இதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசி விளங்கப்படுத்தலாம். கிரெட்டிலில் சில வரிகளில் கண்ணால் காணலாம்.

அதற்கு மருந்தும் கிரெட்டிலிலேயே இருக்கிறது. மாறி (Variable) என்ற பட்டியலுக்குள், ஒரு தொடர் அப்படித் தம்பாட்டில் அலைகிறதா என்று பார்க்கும் அலகு மூலச் சோதனைகள். டிக்கி-ஃபுல்லர் சோதனை அதில் முதலாவது. தொடர் நிலையற்றது (அப்படி அலைவது) என்று தெரிந்தால் மாதத்துக்கு மாதம் வித்தியாசம் எடுத்து அதை வைத்து வேலை செய்யலாம். எங்கள் ஊருக்குப் பருவகாலமும் முக்கியம். நாட்டுக்கு வெளிநாட்டவர் கூட வருவது டிசம்பரை ஒட்டிய மாதங்களில். திருகோணமலைக் கடல் அமைதியாக இருப்பதோ மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக்காற்றோடு மழை கொட்டும் மாதத்தில் நிலாவெளிக் கரையில் ஆளே இருக்காது, கட்டுநாயக்கவில் கூட்டம் இருக்கும். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் தேடல் கூடும்போது வருகை குறைகிறது என்று தலைகீழான விடை வரலாம். கிரெட்டிலில் ஒரு சொடுக்கில் 12 மாதங்களுக்கும் போலி மாறிகள் (அந்த மாதம் என்றால் 1, இல்லையென்றால் 0) உருவாகும். எனக்கு மிகப் பிடித்த வசதிகளில் இதுவும் ஒன்று.

இது போதாதென்று நாட்டில் நடந்தவையும் எண்களை உலுக்கின. 2018 இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேல். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். அடுத்த மாதமே, மே மாதத்தில், வருகை 38 ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. பிறகு கொரோனா: 2021 முழு வருடத்துக்கும் சேர்த்தே இரண்டு இலட்சம் தேறவில்லை. 2024 இல்தான் திரும்பவும் 20 இலட்சத்தைத் தாண்டியது. எல்லைகள் மூடிய 2020 மாதங்களில் வருகை பூச்சியம் என்பதால், மடக்கை எடுத்தால் அந்த மாதங்கள் வெற்றிடமாகிவிடும். அவற்றை என்ன செய்தேன் என்று ஆய்வில் தனிப் பந்தி எழுத வேண்டியிருந்தது. இப்படி நடுவில் உறவு மாறிவிட்டதா என்று பார்க்க, விடை வரும் சன்னலின் சோதனைகள் (Tests) பட்டியலில் சௌ சோதனை இருக்கிறது. எந்த மாதத்தில் உடைவு என்று கேட்கும். 2019 மே என்று கொடுத்தேன். அதற்கு முன்னும் பின்னும் ஒரே உறவுதானா என்று சொல்லும். உடைவு எங்கே என்று தெரியாவிட்டால் அதையே தேடித்தரும் கியூ.எல்.ஆர் சோதனை பக்கத்திலேயே இருக்கிறது.

இவ்வளவும் செய்தபின் என் முதல் விடையில் இருந்த மூன்று நட்சத்திரம் ஒன்றாகக் குறைந்தது. மேற்பார்வை செய்த மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "இப்பதான் இது உம்மட ஆய்வு" என்றார். அந்த ஒரு நட்சத்திரத்தை என்னால் யார் முன்னும் நின்று விளக்க முடிந்தது.

யூடியூப் வீடியோக்களை ஆராய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பார்வை எண்ணிக்கை, கருத்து எண்ணிக்கை எல்லாம் எண்ணித் தெரியும் முழு எண்கள், மிகவும் கோணலாகப் பரந்தவை. பெரும்பாலான வீடியோக்களைச் சில நூறு பேர் பார்த்திருப்பார்கள், ஒன்றை இலட்சக்கணக்கானோர் பார்த்திருப்பார்கள். இதைச் சாதாரண இழிவு வர்க்கத்தில் ஓட்டினால் அந்த ஒரு வீடியோவே கோட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். கிரெட்டிலில் எண்ணிக்கைத் தரவுக்கென்று பொய்சோன் மாதிரியும் எதிர் ஈருறுப்பு மாதிரியும் உண்டு. பொய்சோனை ஓட்டினாலே, மாறற்றிறன் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பது) அளவுக்கு மிஞ்சிவிட்டதா என்ற சோதனையும் கீழே சேர்ந்து வரும். மிஞ்சியிருந்தால் மற்றதற்கு மாறுங்கள்.

இன்னொரு விஷயம், தலைப்புத் தேடுகிறவர்களுக்கு. எங்கள் நாட்டில் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிய நாட்கள் உண்டு: 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் 3. பாவனையாளர் யாரும் தெரிவு செய்யாத, வெளியிலிருந்து விழுந்த தடை என்பதால் முன்பும் பின்பும் ஒப்பிட அது நல்ல இடம். குழப்பமான நாட்களில்தான் தடை வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. தடையின் விளைவையும் குழப்பத்தின் விளைவையும் பிரிப்பதுதான் அங்கே உண்மையான வேலை. யாராவது இதைச் செய்தால் முதல் ஆளாக நான் படிப்பேன்.

கிரெட்டிலில் நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிற வசதி கட்டளைப் பதிவு. பட்டியலில் நீங்கள் சொடுக்கிய ஒவ்வொன்றையும் அது பின்னால் இருந்து எழுத்துக் கட்டளையாக எழுதி வைக்கும். கடைசியில் அதைச் சேமித்து, தரவோடு சேர்த்து அனுப்பினால், மேற்பார்வையாளர் தன் கணினியில் ஓட்டி உங்கள் அட்டவணையை அப்படியே எடுக்கலாம். கணினி நிரல் என்றாலே பயப்படுகிற கலைப்பிரிவுப் பிள்ளை, சொடுக்கிச் சொடுக்கியே கட்டளைகளைப் படித்துக்கொள்ளும். அதன் மொழிக்கு ஹான்சல் என்று பெயர்; எளிமையானது.

குறைகளும் இருக்கின்றன, சின்னவை அல்ல. தமிழ் இடைமுகம் கிடையாது. பாஸ்க் மொழியில் இருக்கிறது, தமிழில் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை. திறந்த மூல மென்பொருள் என்பதால் மொழிபெயர்த்துக் கொடுக்க யாருக்கும் தடையில்லை. இலங்கைப் பாடநூல்களில் ஏற்கனவே புழங்கும் சொற்களை வைத்துக்கொண்டு எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் சேர்ந்தால் செய்யக்கூடிய காரியம். மாறிகளின் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது, வினாக்கொத்து ஆய்வு. மனப்பாங்கு, நம்பிக்கை, திருப்தி என்று நேரே அளக்க முடியாதவற்றை ஐந்து புள்ளி அளவுத்திட்டத்தில் கேட்டு, கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அதற்கென்று நேரடி வசதி இதில் இல்லை. முகாமைத்துவப் பக்கம் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. கருத்துப் பெட்டியில் எழுதப்பட்டவற்றை, அந்த எழுத்துகளையே ஆராய வேண்டும் என்றாலும் கிரெட்டில் கைகொடுக்காது. ஆர் அல்லது பைதன் படிக்க வேண்டும், அல்லது பழைய முறையில் இருந்து வாசித்துக் குறியிட வேண்டும். அந்தப் பழைய முறை மதிப்பில் குறைந்ததென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஒரு மீம் ஏன் மூதூரில் ஒரு மாதிரியும் கொழும்பில் வேறு மாதிரியும் விளங்கிக்கொள்ளப்படுகிறது என்பதற்குக் குணகம் பதில் சொல்லாது.

தரவு கிடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், இது கிரெட்டிலின் குறை அல்ல என்றாலும். 2021 நவம்பரில் யூடியூப் பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கையை மறைத்தது. ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய கிரவுட்டாங்கிளை மெட்டா 2024 ஓகஸ்டில் மூடியது. அதை நம்பித் தலைப்பு எடுத்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஊடகத் தரவு கம்பனிகளின் கையில் இருக்கிறது. அதனால் கிடைத்த அன்றே இறக்கி, திகதி போட்டு, இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

படிப்பதற்கு வழி? பயனர் கையேடு இலவச பி.டி.எஃப் ஆகக் கிடைக்கிறது, ஆங்கிலத்தில், சில நூறு பக்கங்கள். முழுதையும் போட்டோகொப்பி எடுக்கப் போகாதீர்கள். தேவையான அத்தியாயத்தை மட்டும் எடுங்கள். புகழ்பெற்ற பாடநூல்களின் தரவுத்தொகுதிகளைத் தனியே இறக்கிச் சேர்க்கலாம் என்பதால், விரிவுரையில் சேர் போட்ட கணக்கை வீட்டில் இருந்து அச்சொட்டாகச் செய்து பார்க்க முடியும்.

காலத்தொடரோ எண்ணிக்கைத் தரவோ வைத்திருக்கும் ஊடக மாணவர் எல்லோருக்கும் இதைத் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். நிறுவியதும் கோப்பு (File) என்ற பட்டியலில், பழகுவதற்கென்று தந்த மாதிரித் தரவுகளை (Sample file) திறந்தால் ராமநாதனின் பாடநூல் தரவுகள் கூடவே வந்திருக்கும். முதல் கிழமை அவற்றோடு மட்டும் இருங்கள். அவற்றில் ஒரு பிற்செலவை ஓட்டி, சன்னலின் மேல்வரியிலிருந்து அடிவரி வரை ஒவ்வொரு எண்ணும் என்ன என்று கொப்பியில் எழுதி முடித்தபின் உங்கள் சொந்தத் தரவைத் திறக்கலாம்.